மறதி நோய் உள்ள பெரியவரோடு பேச எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

வீட்டில் பெரியவருக்கு டிமென்ஷியா என்று டாக்டர் சொன்ன கொஞ்ச நாளிலேயே வெளியூரில் இருக்கிற பிள்ளைகளிடமிருந்து பார்சல் வர ஆரம்பித்துவிடும். ஒருவர் டேப்லெட் அனுப்புவார், இன்னொருவர் பேசுகிற ஸ்பீக்கர், மற்றவர் கேமரா. பாசத்தில்தான் வாங்குகிறார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பொருளை வைத்துக்கொண்டு தினமும் பெரியவரோடு உட்காரப்போவது வீட்டில் இருக்கிற மகளோ மருமகளோ சம்பளத்துக்கு வருகிற அக்காவோதான். அவர்களுக்கு எது உதவும் என்று கேட்டு வாங்கினால் பாதிப் பணம் மிச்சமாகும். என் அம்மாவை வேலூரில் என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதால் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று நிறைய பேர் இதைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். எந்தச் சிக்கலுக்கு எந்தப் பொருள் பொருந்தும் என்று ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

நான் எந்தக் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரியவர் புதிதாக ஒரு பட்டனைக் கற்றுக்கொண்டால்தான் வேலை செய்யும் என்கிற எந்தப் பொருளும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குப் பேச்சை ஆரம்பிக்க ஒரு பிடி கொடுக்கிற பொருள்தான் வேண்டும். காரணம் எளிது. டிமென்ஷியாவில், அதிலும் அதிகம் பேருக்கு வருகிற அல்சைமர் வகையில், முதலில் அடிபடுவது புது நினைவு. நேற்று சொல்லிக்கொடுத்தது இன்றைக்கு இருக்காது. கை பழகிய வேலையும் இளவயதில் கேட்ட பாட்டும் ரொம்ப காலம் தங்கும். அம்மா குடியாத்தத்தில் வருஷக்கணக்காக பீடி சுற்றியவர். இப்போது சில நேரம் என் பெயரே வராது, ஆனால் நியூஸ்பேப்பரைத் துண்டு துண்டாகக் கிழித்து மடியில் போட்டால் ஒவ்வொரு துண்டையும் எடுத்து, ஓரத்தைத் தடவிச் சரிபார்த்து, கட்டைவிரலால் உருட்டி, நுனியை நகத்தால் மடக்கிவிடுகிறார். அப்படிப்பட்ட கைக்குப் புது ஸ்மார்ட்போனைக் கொடுத்து "பச்சை வட்டத்தைத் தள்ளும்மா" என்றால் எப்படி நடக்கும்?

கடைக்குப் போகும் முன்னால் காதைப் பாருங்கள். சொன்னது புரிவதில்லை, பதில் சொல்வதில்லை, எதிலும் ஒட்டாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று நாம் மறதி நோயின் தலையில் கட்டுவதில் ஒரு பங்கு காது கேட்காததால் வருவது. டிமென்ஷியா வரும் வாய்ப்பைக் கூட்டுகிற, ஆனால் நம்மால் சரிசெய்ய முடிகிற 14 காரணங்களை லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் பட்டியலிட்டது. கேட்கும் திறன் குறைவது அதில் ஒன்று. சிகிச்சை செய்யாமல் விட்ட பார்வைக் குறைவை அந்த ஆண்டுதான் சேர்த்தார்கள். நோய் வந்த பிறகும் இரண்டையும் கவனித்தால் பேச்சு எவ்வளவோ சுலபமாகும். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியிலோ பக்கத்துக் காது மூக்கு தொண்டை டாக்டரிடமோ காட்டி, குரும்பி அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். கண்புரை இருந்தால் ஆரணி ரோட்டில் ஷெல் கண் மருத்துவமனை இருக்கிறது.

காது மெஷின் வேண்டும் என்று ஆனால், இங்கேதான் முதல் ஒப்பீடு. காதுக்குப் பின்னால் மாட்டும் டிஜிட்டல் மெஷினில் சத்தம் சுத்தமாகக் கேட்கும், விலை அதிகம், சின்னதாக இருப்பதால் கழற்றி எங்கேயாவது வைத்துவிடுவார், தலையணை உறைக்குள்ளே தேட வேண்டி வரும். பையில் வைத்து ஒயரைக் காதில் செருகும் பழைய பாக்கெட் மாடல் பார்க்க அழகில்லை, ஆனால் தொலையாது, விலையும் குறைவு. மூன்றாவது ஒரு வழி இருக்கிறது, பலருக்கும் தெரியாது: ஹெட்போனும் மைக்கும் உள்ள சின்ன ஒலிபெருக்கிக் கருவி. பேசும்போது மட்டும் மாட்டிவிட்டு, பேசி முடித்ததும் எடுத்துவிடலாம். நோய் ஆரம்பத்தில் இருந்தால் டிஜிட்டல், மெஷினைப் பிடுங்கி எறிகிற நிலை வந்திருந்தால் இந்த ஹெட்போன் கருவி, இதுதான் என் தேர்வு. ஏழைக் குடும்பத்துப் பெரியவர்களுக்கு 2017இல் ஆரம்பித்த மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில் காது மெஷினும் மூக்குக் கண்ணாடியும் இலவசப் பட்டியலில் இருக்கின்றன. கலெக்டர் ஆபீஸில் கேட்டுப் பாருங்கள்.

அடுத்து, தூரத்தில் இருக்கும் பிள்ளைகளோடு பேசுவது. ஒரு பிள்ளை பெங்களூர், ஒரு பிள்ளை துபாய் என்று இருக்கிற வீடுகள்தான் நம் பக்கம் அதிகம், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சாதாரண பட்டன் போன் விலை குறைவு, சார்ஜ் நாள்கணக்கில் நிற்கும், ஆனால் காதில் வைத்ததும் முகம் இல்லாத ஒரு குரல் மட்டும் வரும்போது நோயின் நடுக்கட்டத்துக்கு வந்துவிட்டவர்களுக்கு அது யார் குரல் என்று பிடிபடாது. அதைவிட ஒரு படி மேல், சிம் போடக்கூடிய, பழைய லேண்ட்லைன் மாதிரியே இருக்கிற மேசை போன். மணி அடித்தால் ரிசீவரை எடுக்க வேண்டும், வைத்தால் கட் ஆகும். இந்தப் பழக்கம் கையில் ஏற்கெனவே இருக்கிறது. வீட்டில் போன் வைத்திருந்த குடும்பம், ஆபீஸில் வேலை பார்த்த பெரியவர் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். வாழ்நாள் முழுக்க போனே தொடாத ஆயாவுக்கு இதனால் ஒரு பலனும் இல்லை.

வாட்ஸ்அப் வீடியோ கால் முகத்தைக் காட்டும், அதுதான் அதன் பலம். அதில் மூன்று சிக்கலைப் பார்க்கிறேன், மூன்றுக்கும் வழி இருக்கிறது. ஒன்று, திரை மூலையில் தன் முகமே சின்னதாகத் தெரியும். டிமென்ஷியா கூடும்போது சிலருக்குக் கண்ணாடியில் தெரிகிற தன் முகமே அடையாளம் தெரியாமல் போகும், "அந்தக் கிழவி யாரு, எதுக்கு நம்மள முறைக்குது" என்று பயந்துவிடுவார்கள். அந்த மூலையில் ஒரு துண்டுப் பேப்பரை ஒட்டிவிடுங்கள், போதும். இரண்டு, கூப்பிடுகிற மகன் இன்றைக்கு ஐம்பது வயது, தாடி, கண்ணாடி. அம்மாவின் நினைவில் இருக்கிற மகனுக்கு இருபது வயது. தொடர்பு எண்ணில் வைக்கிற படத்தையாவது அவர் அடையாளம் கண்டுகொள்கிற காலத்துப் படமாக வையுங்கள். மூன்று, நான்கு பேர் ஒரே நேரத்தில் கட்டம் கட்டமாக வந்து "அம்மா, நான் தெரியுறேனா" என்று கத்துவது. ஒரு நேரத்தில் ஒருவர், அதுவும் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து "ஓசூர்ல இருந்து அண்ணன் பேசறாரு, பேத்திக்கு லீவாம்" என்று எடுத்துக்கொடுத்தால் பேச்சு ஓடும்.

எடுக்காமலே தானாக இணைகிற திரைக் கருவிகளும் இருக்கின்றன, எக்கோ ஷோ மாதிரி. அதில் டிராப் இன் என்ற வசதியைப் போட்டு வைத்தால், நாம் அனுமதித்தவர்கள் கூப்பிட்டதும் இணைப்பு வந்துவிடும், திரை சில விநாடி மங்கலாக இருந்துவிட்டு முகம் தெரியும். பெரியவர் ஒன்றும் அழுத்த வேண்டாம் என்பது பெரிய வசதி. ஆனால் வைஃபை எப்போதும் இருக்க வேண்டும், கரண்ட் போனால் இன்வெர்டர் வேண்டும், அதற்கும் மேலே, உடை மாற்றும்போது, அழுதுகொண்டிருக்கும்போது, யாராவது குளிப்பாட்டக் கூட்டிப்போகும்போது திடீரென்று ஒரு முகம் வந்து நிற்கும். இதை வைப்பதென்றால் கூடத்தில் மட்டும் வையுங்கள், இத்தனை மணிக்கு மட்டும் கூப்பிடலாம் என்று குடும்பத்தில் பேசி முடிவு செய்யுங்கள். பகலில் அம்மாவும் வேலைக்கு வருகிறவரும் மட்டும் இருக்கிற வீடு என்றால் இது வேண்டும். குடும்பத்தார் யாராவது எப்போதும் கூட இருக்கிற வீட்டுக்குச் சாதாரண ஸ்மார்ட்போனே போதும், காசை வேறு இடத்தில் போடலாம்.

அந்த வேறு இடம் படமும் பாட்டும். இதில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். ஸ்காட்லாந்தில் டன்டீ, செயின்ட் ஆன்ட்ரூஸ் பல்கலைக்கழகக்காரர்கள் 2000களின் தொடக்கத்தில் சிர்கா என்று ஒரு தொடுதிரை ஏற்பாட்டைச் செய்தார்கள். பழைய படங்கள், பாட்டு, சின்ன வீடியோக்கள் இருக்கும், பெரியவரும் பார்த்துக்கொள்பவரும் சேர்ந்து தொட்டுப் பார்த்துக்கொண்டே பேசலாம். அதில் அவர்கள் வேண்டுமென்றே குடும்பப் போட்டோக்களைத் தவிர்த்துவிட்டு, அந்த ஊரில் எல்லோருக்கும் பழக்கமான பொதுப் படங்களை வைத்தார்கள். யோசித்துப் பாருங்கள், குடும்பப் போட்டோவைக் காட்டினால் நம் வாயில் தானாக வருகிற கேள்வி "இது யாரு சொல்லு?" அது பரீட்சை. தெரியவில்லை என்றால் அந்த முகம் எப்படிச் சுருங்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஊர்ப் படத்தில் தப்பான பதில் கிடையாது. யாருக்கு என்ன தோன்றுகிறதோ அதைச் சொல்லலாம். அந்த முறையில் பெரியவர்களே பேச்சை ஆரம்பிப்பதும் நடத்துவதும் கூடியதாக ஆய்வில் பார்த்தார்கள்.

நமக்கு அந்த மென்பொருள் தேவையில்லை. ஏற்கெனவே வீட்டில் தூங்குகிற டேப்லெட்டில் ஒரு போல்டர் போட்டால் போதும். வேலூர்க் கோட்டை அகழி, காட்பாடி ஜங்ஷன், நீராவி ரயில், குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, தறி, பீடித் தட்டு, தண்ணீர் ஓடிய காலத்துப் பாலாறு, ஆற்காடு மக்கன் பேடா, முள் கத்திரிக்காய். 1981இல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து கோட்டைக்குள்ளே ஜலகண்டேஸ்வரரை மறுபடி வைத்தார்களே, அந்தச் சமயத்தில் ஊரில் இருந்தவர்களுக்குச் சொல்ல ஒரு கதையாவது இருக்கும். சிரசு ஊர்வல வீடியோவைப் போட்டால் அம்மா பேசுவது எல்லாமே கோர்வையாக இருக்காது, ஆனால் பம்பைச் சத்தம் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்து, கூட்டத்தில் எந்தத் தெருவில் நின்று பார்ப்பார்கள் என்று கையை நீட்டிக் காட்டுவார். அதற்கு மேலே எனக்கு வேறென்ன வேண்டும்.

அப்படியென்றால் குடும்ப ஆல்பம் வேண்டாமா என்றால், வேண்டும், ஆனால் காகிதத்தில். ஒரு பக்கத்துக்கு ஒரு படம், கீழே பெரிய எழுத்தில் பெயரும் உறவும். "இது உன் தம்பி, பேர்ணாம்பட்டில் கடை வைத்திருந்தார்" என்கிற மாதிரி. இதை மெமரி புக் என்று சொல்கிறார்கள், அமெரிக்காவில் 1990களிலேயே மிஷெல் பூர்ஷுவா என்ற பேச்சு மருத்துவ நிபுணர் இதை வைத்து ஆராய்ச்சி செய்து, பேச்சில் தகவல் கூடுவதையும் திரும்பத் திரும்பச் சொல்வது குறைவதையும் காட்டியிருக்கிறார். எழுத்து படிக்கத் தெரிந்தவர்களுக்கு, நோய் கூடின பிறகும் ஒரு வரி படிக்க வரும். டிஜிட்டல் போட்டோ ஃபிரேமில் படம் தானாக மாறிக்கொண்டே இருக்கும், இவர் ஒன்றைப் பற்றிச் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். பேச்சுக்கு அது ஆகாது, சுவருக்கு நன்றாக இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் என்றால் ஆல்பத்தில் எழுதுவது வந்து போகிறவர்களுக்காக. வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் "என்னைத் தெரியுதா?" என்று கேட்பதை நிறுத்தவே முடியவில்லை, அவர்கள் படம் இருக்கிற பக்கத்தைத் திறந்து கையில் கொடுத்துவிட்டால் அவர்களே "நான்தான்க்கா, இதோ நம்ம கல்யாணத்துல எடுத்தது" என்று பேச்சை எடுத்துக்கொள்கிறார்கள்.

பாட்டுக்கு சரிகம கார்வான் மாதிரி பழைய ரேடியோ போலத் திருகுகிற பெட்டி நல்லது. 2017இல் வந்தது, தமிழ் மாடலில் 5000 பாட்டு உள்ளேயே இருக்கும், நெட் வேண்டாம். யூடியூபில் இலவசம்தான், ஆனால் டி.எம்.எஸ். உருகிக்கொண்டிருக்கும்போது நடுவில் விளம்பரம் கத்தும், சிலர் திடுக்கிட்டுவிடுவார்கள். எதுவானாலும் பின்னணியில் ஓட விட்டுவிட்டு நாம் சமையலறைக்குப் போய்விட்டால் அது சும்மா சத்தம். கூட உட்கார்ந்து முதல் வரியை நாம் பாடி, இரண்டாவது வரிக்கு நிறுத்தினால், பேச்சு வராதவர்கள்கூடச் சிலர் அந்த வரியை எடுத்துப் பாடுவார்கள்.

திரும்பத் திரும்ப ஒரே கேள்வி கேட்பதற்கு என்ன செய்வது என்பதுதான் என்னிடம் அதிகம் வருகிற கேள்வி. "இன்னைக்கு என்ன கிழமை", "உங்கப்பா எப்ப வருவாரு". முதல் வகைக் கேள்விக்குக் கிழமையும் காலையா மாலையா என்பதும் காட்டுகிற பெரிய டிஜிட்டல் கடிகாரம் விற்கிறார்கள், ஆங்கிலத்தில்தான் பெரும்பாலும் இருக்கும். தினசரிக் காலண்டரும் ஒரு வெள்ளைப் பலகையும் அதே வேலையைச் செய்யும், காலண்டர் தாளைக் கிழிக்கிற வேலையை அவரிடமே கொடுத்தால் ஒரு பேச்சும் ஆரம்பமாகும். பேசும் ஸ்பீக்கர் சலிக்காமல் நூறு தடவை பதில் சொல்லும் என்று வாங்குகிறார்கள். அலெக்சா இங்கே ஆங்கிலமும் ஹிந்தியும்தான் பேசும், தமிழ் பேசாது. நம்மூர் ஆயாவுக்கு அது எதற்கு? இரண்டாவது வகைக் கேள்விக்கு எந்தக் கருவியிலும் பதில் இல்லை. அவருக்குத் தேவைப்படுவது தகவல் இல்லை, யாராவது பக்கத்தில் இருப்பது. அப்பாவைப் பற்றி ஒரு கதை கேளுங்கள், அவர் சொல்லட்டும்.

பிள்ளைகளின் குரலைப் பதிவு செய்து வைத்துப் போட்டுக் காட்டுகிற முறையும் ஒன்று உண்டு. 2017இல் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசுகிற காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு இதை அலசிவிட்டு, பலன் உண்டு என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது என்றது. சிலருக்கு ஆறுதல் தரும், சிலருக்குக் குரல் வருகிறது ஆளைக் காணோமே என்று தவிப்பு கூடும். காலையில் மகன் அனுப்புகிற ஒரு வாய்ஸ் மெசேஜைப் போட்டு முகத்தைப் பாருங்கள், மலர்ந்தால் தொடருங்கள், தேட ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள். இறந்துபோனவரின் குரலைக் கணினியில் உருவாக்கி அம்மாவிடம் பேச வைக்கலாமே என்று ஒருவர் கேட்டார். வேண்டவே வேண்டாம் என்பேன். அவர் அதை உண்மை என்று நம்புவார், பிறகு நாள் முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

சொல் வராமல் தவிக்கிறவர்களுக்கு, என்ன வேண்டும் என்று சொல்ல முடியாமல் கோபப்படுகிறவர்களுக்கு, படம்தான் கை கொடுக்கும். ஸ்டிர்லிங் பல்கலைக்கழகத்தில் உருவான டாக்கிங் மேட்ஸ் என்பது ஒரு பாய், படச் சீட்டுகள், "பிடிக்கும், தெரியல, பிடிக்காது" என்று மூன்று இடம். சீட்டை எங்கே வைக்கிறாரோ அதுதான் பதில். சும்மா பேசுவதைவிட இதில் டிமென்ஷியா உள்ளவர்கள் விஷயத்தை விட்டு விலகாமல் தங்கள் விருப்பத்தைத் தெளிவாகச் சொன்னார்கள் என்று பார்த்திருக்கிறார்கள். சென்னையில் உருவான ஆவாஸ் செயலியில் படத்தைத் தொட்டால் தமிழிலேயே குரல் வரும், ஆனால் அது முக்கியமாகப் பேச்சு வராத குழந்தைகளை மனதில் வைத்துச் செய்தது, திரையில் கட்டங்கள் அதிகம். மறதி முக்கியச் சிக்கலாக இருந்தால் அட்டை போதும். மறதி குறைவு, பேச்சுதான் முதலில் போகிறது என்கிற வகை டிமென்ஷியா என்றால் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டிச் செயலியை ஆரம்பத்திலேயே பழக்கலாம். அட்டை செய்வதென்றால் வீட்டுப் பொருள்களையே போட்டோ எடுங்கள். அவர் குடிக்கிற எவர்சில்வர் டம்ளர், அவர் போர்வை, வீட்டு பாத்ரூம் கதவு. ஒரு நேரத்தில் இரண்டு அட்டைக்கு மேல் நீட்ட வேண்டாம்.

நம் வட்டாரத்துக்கே உரிய ஒன்று மொழி. குடியாத்தம், காட்பாடி பக்கம் வீட்டில் தெலுங்கு, மேல்விஷாரம், ஆம்பூர், பேர்ணாம்பட்டில் உருது என்று எத்தனையோ குடும்பங்கள். நோய் கூடும்போது பின்னால் கற்ற மொழி நழுவி, தாய்மொழிக்கே போய்விடுகிறவர்கள் உண்டு. பார்த்துக்கொள்ள வருகிறவருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். கூகுள் மொழிபெயர்ப்பில் தெலுங்கும் உருதும் உண்டு, ஆனால் நம் பக்கத்துத் தெலுங்கும் தக்கினி உருதும் ஏட்டு மொழி இல்லை, பல் விழுந்த வாயில் முனகுவதை போன் பிடிக்காது. வீட்டுக்காரர் ஒருவர் தண்ணீர், பசி, வலி, பாத்ரூம், குளிர் என்று அன்றாடச் சொற்களைத் தங்கள் பேச்சிலேயே பதிவு செய்து அந்த அக்காவின் போனில் போட்டுக் கொடுத்துவிடலாம். அவர் இரண்டு வாரத்தில் கற்றுக்கொள்வார், கற்றுக்கொள்ள வேண்டியது அவர்தானே, ஆயா இல்லை.

கேமராவைப் பற்றிச் சுருக்கமாக. பாதுகாப்புக்கு வைப்பது தனி விஷயம். அதில் இருக்கிற ஸ்பீக்கர் வழியாக மேலேயிருந்து பேசாதீர்கள், முகம் இல்லாமல் உத்தரத்திலிருந்து குரல் வந்தால் நமக்கே திக்கென்று இருக்கும். பார்த்துக்கொள்ள வருகிறவருக்கும் கேமரா இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

பார்த்துக்கொள்கிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளவும் ஒரு ஏற்பாடு வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கத்துக்கு நடுவே "இன்று அம்மா சாப்பிடவில்லை" புதைந்துபோகும். படுக்கை பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள், சாப்பாடு, மாத்திரை, எதைப் பேசினால் சிரித்தார், எப்போது கோபம் வந்தது என்று எழுதட்டும், ராத்திரி அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக் குழுவில் போடட்டும். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டுதான் பேசும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் முதியோர் மருத்துவத்துக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, பாகாயத்தில் மனநல மையம் இருக்கிறது. ஏழை நாடுகளில் டிமென்ஷியா எப்படி இருக்கிறது என்று பார்த்த 10/66 என்ற உலக ஆராய்ச்சிக் குழு இந்தியாவில் தேர்ந்தெடுத்த கிராமப்புறம் நம் கணியம்பாடி ஒன்றியம்தான். உலகத்து டிமென்ஷியா நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில், ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அங்கே நடக்கவில்லை என்று அப்போது சொன்னதால் அந்தப் பெயர். 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதம், சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்று 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. வயசானால் வரத்தான் செய்யும் என்று விட்டுவிடாமல் ஒருமுறை காட்டிவிடுங்கள். மனசு ஒடிந்து போகிற நாளில் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இருக்கிறது, முதியோர் உதவி எண் 14567.

கையில் குறைந்த பணம்தான் இருக்கிறது, எதை முதலில் செய்வது என்று கேட்டால் என் வரிசை இது: காது, கண், பிறகு பெயர் எழுதின ஆல்பம், இருக்கிற போனிலேயே ஊர்ப் படங்கள், பிறகு பாட்டுப் பெட்டி. தானாக இணைகிற திரை, பகலில் குடும்பத்தார் இல்லாத வீட்டுக்கு மட்டும். பேசும் ஸ்பீக்கரை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா, அதைப் பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், கட்டளை கொடுக்கிற வேலையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.